கோபுரம் நம் மலையில், கடிகாரம் யார் கையில்?

(கொடைக்கானலில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நிகழ்ச்சி நிரல். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எத்தனை மணிக்கு எது வரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல். பார்ப்பதற்குச் சாதாரணமான விஷயம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு நாட்டில் எந்த மொழிக்கு மாலை ஏழு மணி, எந்த மொழிக்கு நள்ளிரவு, உழவருக்கு எத்தனை நிமிடம், ஊர்ச் செய்திக்கு இடம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான். அதனால், அதை எழுதுபவர் யார், எங்கே உட்கார்ந்து எழுதுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதைக் கொடைக்கானலில் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் தென்பாதிக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த மலைதான். இன்றைக்கும் பல மாவட்டங்களுக்குப் பண்பலை வானொலியைக் கொடுப்பது இந்த மலைதான். நம் தலைக்கு மேல் நிற்கும் கோபுரங்களைப் பற்றி நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

முதலில், கோபுரம் ஏன் இங்கே வந்தது? குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாதவர் இந்த அவையில் இருக்கமாட்டீர்கள். மேகம் விலகிய காலை நேரத்தில் அங்கே நின்றால் வடக்கே பழநி முருகன் மலை தெரியும், தெற்கே வைகை அணையின் நீர்ப்பரப்பு தெரியும். கண்ணுக்கு எட்டும் இடமெல்லாம் தொலைக்காட்சி அலைக்கும் பண்பலை அலைக்கும் ஏறக்குறைய எட்டும். ஏனென்றால் அந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. பூமியின் வளைவு குறுக்கே வந்தால் அங்கே நின்றுவிடும். 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பத்தை நட்டால், வளிமண்டலம் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பதையும் சேர்த்து, கணக்குப்படி சுமார் 190 கிலோமீட்டர் வரை அதன் பார்வை போகும். சமவெளியில் இதே வீச்சு வேண்டுமென்றால் எவ்வளவு இரும்பு அடுக்கினாலும் முடியாது. மதுரை இங்கிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திருநெல்வேலி 170. இராமேசுவரம் 220-க்கும் மேல். அதனால்தான் இராமேசுவரத்துக்கென்று பிறகு 300 மீட்டரைத் தாண்டிய தனிக் கோபுரம் ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. மற்றபடி, தெற்கே பெரும்பகுதியை நம் பழநி மலைத்தொடர் ஒன்றே பார்த்துக்கொண்டது.

கோபுரம் வருவதற்கு முன்பு நிலைமை என்ன? இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 15. சென்னை நிலையத்தின் அலை சுற்றுவட்டாரத்துக்கு மேல் எட்டவில்லை. திருச்சி, மதுரை, நெல்லை மக்களுக்குத் தொலைக்காட்சி என்பது சென்னை உறவினர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கதை. அப்போது தெற்கேயிருந்து, கடலுக்கு அப்பாலிருந்து, ஒரு வெளிச்சம் வந்தது. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் கோபுரம் அந்நாட்டின் உச்சியான பிதுருதலாகலையில், 2,500 மீட்டருக்கும் மேலே நின்றது. அவர்களும் மலையைத்தான் நம்பினார்கள்.

நேர்கோட்டுக் கணக்குப் பார்த்தால் ரூபவாகினி தமிழ்நாட்டுக் கரையை ஒழுங்காக எட்டக்கூடாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் மேல் காற்று அசையாமல் கிடக்கும் நாட்களில், கடலையொட்டிய ஈரக்காற்றுக்கும் அதற்கு மேலே உள்ள வெப்பக்காற்றுக்கும் இடையில் ஒரு பாதை உண்டாகிறது. அலை அந்தப் பாதையில் சிக்கி, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து, வெகுதூரம் போய்விடும். நம்மவர்கள் அதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மொட்டைமாடியில் தெரிந்துகொண்டார்கள். இரண்டு மூன்று இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் நிறையக் குச்சிகள் வைத்த அலுமினிய ஆன்டெனாவைப் பூட்டி, காற்றுக்குச் சாயாமல் நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். அதன் கீழே ஒரு பூஸ்டர். அங்கிருந்து தட்டையான ஒயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கும். மேலே ஒருவர் குழாயைப் பிடித்துத் தென்கிழக்காகத் திருப்ப, நடுப்படியில் ஒரு பையன் நின்றுகொண்டு கீழேயிருந்து வரும் சேதியை மேலே சொல்லுவான். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆ, நிறுத்து, நிறுத்து!" புள்ளி புள்ளியாக மழை பெய்துகொண்டிருந்த திரையில் ஒரு முகம் தெளியும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் நிகழ்ச்சி. கால்மணி நேரத்தில் காற்று மாறும், முகம் மறையும்.

அந்த மொட்டைமாடி மக்களை நான் பெரிதும் மதிக்கிறேன். தம் நாட்டு அரசு தமக்குத் தராத ஒன்றை, இன்னொரு நாட்டின் மலையிலிருந்து தம் கையாலேயே இழுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அன்று அவர்கள் கையில் நிகழ்ச்சி நிரல் கிடையாது. என்ன வரும், எப்போது வரும் என்று தெரியாது. வந்ததைப் பார்த்தார்கள். ஒளிபரப்புக்கு ஏங்கும் மக்கள் எவ்வளவு பாடுபடுவார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது, வண்ணத் தொலைக்காட்சி வந்தது, டெல்லியிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகும் தேசிய நிகழ்ச்சியும் வந்தது. 1984-ல் நாளுக்கு ஒன்று என்கிற வேகத்தில் சிறு ஒளிபரப்பிகள் ஊர் ஊராக நிறுவப்பட்டன. அந்தப் பத்தாண்டில்தான் நம் மலையில் தூர்தர்ஷனின் உயர்சக்திக் கோபுரம் எழுந்தது. வைகைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் இருந்த ஆன்டெனாக்கள் இலங்கையை விட்டுக் கொடைக்கானலை நோக்கித் திரும்பின.

திரும்பிய ஆன்டெனாவுக்குள் என்ன வந்தது? சென்னையின் நிகழ்ச்சிகள். மாலையில் 'வயலும் வாழ்வும்'. பிள்ளைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா'. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. ஞாயிறு மாலை திரைப்படம். பார்வையாளர் கடிதங்களுக்கு நிலையத்தார் பதில் சொல்லும் 'எதிரொலி'. வரும் வாரம் என்னென்ன என்று சொல்லும் 'முன்னோட்டம்'. இந்த 'முன்னோட்டம்' பற்றி ஒரு வார்த்தை. நிகழ்ச்சி நிரலே ஒரு நிகழ்ச்சியாக இருந்த காலம் அது. அதைத் தவறவிடாமல் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ! அடுத்த ஞாயிறு என்ன படம் என்று தெரிந்துவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம், கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு எங்கும் அதே பேச்சு. முன்கூட்டிச் சொன்ன ஒரு மணி நேரம், ஊரையே ஒரு திண்ணையில் உட்கார வைத்தது.

இரவு எட்டரை மணியைத் தாண்டினால் டெல்லி வந்துவிடும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்தி, தொடர்கள். 1987 ஜனவரி 25-லிருந்து ஞாயிறு காலையில் இந்தியில் இராமாயணம். மொழி புரியாமலே பார்த்தவர்கள் நம் தாய்மார்கள். கதை தெரியும், அதனால் பார்த்தார்கள். ஆனால் ஞாயிறு காலை ஒன்பதரை மணியை அந்த மொழிக்குக் கொடுப்பது என்று மதுரையைக் கேட்டு யாரும் முடிவுசெய்யவில்லை. கொடைக்கானலைக் கேட்கவும் இல்லை. கோபுரம் இங்கே இருந்தது, கடிகாரம் சென்னையிலும் டெல்லியிலும் இருந்தது. இந்த மலையிலிருந்து புறப்பட்ட அலையில் இந்த மலையின் குரல் இல்லை.

அந்தக் காலத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும், பணம் ஏது, கருவி ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, ஒளிபரப்பில் நமக்கு முன்னால் நடந்த பிரிட்டனைப் பார்ப்போம். நம் ஒளிபரப்பு முறையே அங்கிருந்து வந்ததுதானே.

பிரிட்டனில் வானொலி தொடங்கிய சில மாதங்களிலேயே நிகழ்ச்சி நிரலை வைத்து ஒரு சண்டை வந்தது. பட்டியலை அச்சிட வேண்டுமானால் விளம்பரத்துக்குக் கொடுப்பதுபோல் காசு கொடுங்கள் என்றார்கள் பத்திரிகை முதலாளிகள். பிபிசியின் தலைவர் ஜான் ரீத், நாமே ஒரு பத்திரிகை போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். 1923 செப்டம்பர் 28 அன்று 'ரேடியோ டைம்ஸ்' வெளிவந்தது. ஒரு வாரத்துக்கு இன்ன மணிக்கு இன்னது தருவோம் என்று ஒரு பொது நிறுவனம் அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்த உறுதிமொழி அது. அச்சில் இருப்பதை மாற்றினால் மறுநாளே கடிதம் வரும். எழுதிக் கொடுத்த நிரலுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்புணர்ச்சிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்டிரா பேலஸிலிருந்து பிபிசி முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. போர்க்காலத்தில் நிறுத்தி, 1946 ஜூனில் மறுபடி தொடங்கினார்கள். ஐம்பதுகளில் அவர்கள் நிரலில் ஒரு விசித்திரமான இடம் இருந்தது. மாலை ஆறிலிருந்து ஏழு வரை திரை வெறுமையாக இருக்கும். பெற்றோர் பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும் என்பதற்காக நாடு முழுவதும் ஒளிபரப்பை நிறுத்திவைத்த ஒரு மணி நேரம் அது. விளம்பர வருமானம் போகிறதே என்று 1955-ல் வந்த தனியார் நிறுவனங்கள் முறையிட்டன. 1957 பிப்ரவரியில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அரசு அப்படித் தலையிட்டது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் திரையின் நேரத்தை வீட்டின் நேரத்தோடு பொருத்திப் பார்த்து முடிவுசெய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1955 செப்டம்பர் 22 அன்று ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி வந்தது. லண்டனில் ஒரே நிறுவனம் உட்கார்ந்து நாட்டுக்கெல்லாம் நிரல் எழுதும் முறையை அங்கே வைத்துக்கொள்ளவில்லை. வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம், வட்டாரத்துக்கு ஒரு நிரல். வட இங்கிலாந்துக்கு 1956 மே மாதம் கிரனாடா வந்தது. லண்டனுக்கே வார நாட்களுக்கு ஒரு நிறுவனம், சனி ஞாயிறுக்கு ஒரு நிறுவனம். ஒரே அலைவரிசையாக இருந்தும் நியூகாசில் பார்த்ததும் பிளிமத் பார்த்ததும் பல மணி நேரங்களில் வேறு வேறாக இருந்தன. 2004-ல் பெரும் நிறுவனங்கள் இணைந்த பிறகு அந்த வேறுபாடு மங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அரை நூற்றாண்டுக் காலம் வட்டாரத்தின் கடிகாரத்தை வட்டாரத்தின் கையில் கொடுத்து நடத்திக் காட்டினார்கள். முடியாது என்று நாம் சொல்வதற்கில்லை.

மேல்மலை நண்பர்களுக்காக இன்னொரு செய்தி. மலைநாட்டில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருட்டும் இருக்கும். ஒரு முகடு குறுக்கே வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு அலை இறங்காது. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சமவெளி நகரத்துக்குப் படம் தெளிவாகத் தெரியும்போது, பத்துக் கிலோமீட்டரில் மடிப்புக்குள் கிடக்கும் கிராமத்துக்கு ஒன்றும் தெரியாது. பிரிட்டனிலும் ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைகளில் இதே தொல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? ஐம்பது பெரிய கோபுரங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மறு ஒளிபரப்பிகளைப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக வைத்தார்கள். முதலில் ஆயிரம் பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு. அடுத்து ஐந்நூறு பேர். அதற்கடுத்து இருநூறு பேர். இருநூறு பேர் வாழும் ஒரு பள்ளத்துக்கு ஒரு கம்பம்! உங்கள் மேல்மலையின் கூக்காலையும் கிளாவரையையும் மனதில் வைத்து இந்தக் கணக்கை யோசியுங்கள்.

வேல்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது மொழியின் கதை. வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகளை ஆங்கில அலைவரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரங்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மொழிக்குத் தனி அலைவரிசை வேண்டும் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சிறை சென்றார்கள். 1979 தேர்தலில் வாக்குறுதி கொடுத்த அரசு பிறகு பின்வாங்கியது. அப்போது பிளைட் கம்ரி கட்சியின் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ், 1980 அக்டோபர் முதல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அறிவித்த நாள் வருவதற்கு முன்பே, செப்டம்பரில், மார்கரெட் தாட்சரின் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1 அன்று 'எஸ் ஃபோர் சி' என்ற வேல்ஸ் மொழி அலைவரிசை தொடங்கியது. மாலை நேரம், அதாவது குடும்பம் கூடியிருக்கும் நேரம், வேல்ஸ் மொழிக்குக் கிடைத்தது. மொழிக்காக உயிரைக் கொடுத்த வரலாறு உள்ள தமிழர்களுக்கு அந்தக் கிழவரின் உறுதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டது பதவி இல்லை, பணம் இல்லை. மாலை நேரத்தில் தன் மொழிக்கு ஓர் இடம் கேட்டார்.

இப்போது நம் பக்கம் வருவோம். பிபிசியிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் 1935-ல் இந்திய ஒலிபரப்பின் தலைவரானார். 1936-ல் அது அகில இந்திய வானொலி ஆனது. 'ரேடியோ டைம்ஸ்' போலவே இங்கும் 'இந்தியன் லிசனர்' வந்தது. தமிழில் 'வானொலி' என்ற இதழ் வந்தது. நிகழ்ச்சிப் பட்டியலும் உரைகளும் படங்களுமாக, நம் பெரியவர்கள் சேர்த்துவைத்துப் படித்த இதழ் அது. ஆக, லண்டனிடமிருந்து மையத்தில் இருந்துகொண்டு நடத்தும் முறையைக் கற்றோம், நிரலை அச்சிட்டு மக்களுக்குக் கொடுக்கும் நல்ல பழக்கத்தையும் கற்றோம். பிரிட்டன் பிறகு கற்றுக்கொண்ட வட்டார உரிமையைத் தொலைக்காட்சியில் நாம் கற்கவில்லை. காலப்போக்கில் அச்சிட்டுத் தரும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். மிஞ்சியது மையம் மட்டும்.

வானொலியில் நிலைமை கொஞ்சம் மேல். திருச்சி நிலையம் 1939-ல் வந்தது, திருநெல்வேலி 1963, கோவை 1966. அறுபதுகளில் திருச்சி வானொலியின் பண்ணைப் பிரிவு, ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றித் தஞ்சை உழவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே, அவர்கள் ஓய்ந்திருக்கும் மாலை நேரத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. நெல் பரவியது. உழவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. சரியான நேரத்தில் சரியான குரல் பேசினால் வயலில் பயிர் மாறும் என்பதற்குத் தமிழ்நாடு உலகத்துக்குக் கொடுத்த சான்று அது. டெல்லியில் எழுதிய ஒரு நிரலால் அதைச் செய்திருக்க முடியுமா?

பிரிட்டனிலிருந்து நேராகத் தமிழ் மக்களுக்கே வந்த ஒரு நிகழ்ச்சியையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். பிபிசி தமிழ்ப் பிரிவு 1941 மே 3 அன்று தொடங்கி, பின்னர் 'தமிழோசை' என்ற பெயரில் நம் வீட்டுச் சொந்தமானது. இரவு ஒன்பதேகால். மலையில் அந்த நேரம் கதவடைத்துப் போர்வைக்குள் இருக்கும் நேரம். தலைமாட்டில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, சிற்றலையின் இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடிப் பிடிப்போம். ஈழத்தில் போர் நடந்த ஆண்டுகளில் அந்த அரைமணி நேரத்துக்காகக் காத்திருந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். 2017 ஏப்ரல் 30 அன்று அந்த வானொலிச் சேவை நின்றது. எழுபத்தாறு ஆண்டுகள் குறித்த நேரத்துக்கு வந்த ஒரு குரல் நின்றதும், இரவு ஒன்பதேகால் மணியே வேறு மாதிரி ஆகிவிட்டது பலருக்கு.

அந்தச் சிற்றலை எப்படி அவ்வளவு தூரம் தாண்டி இங்கே வந்தது? வானத்தின் மேலடுக்கில் மின்னேற்றம் பெற்ற ஒரு மண்டலம் இருக்கிறது, அயனி மண்டலம். சிற்றலை அதில் பட்டுத் திரும்பிக் கீழே வருகிறது. அப்படி ஒரு மண்டலம் உண்டு என்று எட்வர்ட் ஆப்பிள்டன் 1924 டிசம்பரில் நிரூபித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது போர்ன்மத் நகரில் இருந்த பிபிசியின் ஒலிபரப்பியை. பகலில் நிகழ்ச்சிகள் இருந்ததால், அன்றைய நிரல் முடிந்த நள்ளிரவுக்குப் பிறகு சோதனை செய்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக 1947-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1899-ல் நிறுவப்பட்ட நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம், ஐம்பதுகளில் தொடங்கி அதே அயனி மண்டலத்தை நாள்தோறும் அளந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்த மலையின் அளவீடுகளுக்கு உலக ஆய்வாளர்களிடம் தனி மதிப்பு. மாணவர்களே, அலைகளின் வரலாற்றில் கொடைக்கானல் வெறும் கம்பம் நட்ட மேடு கிடையாது. வானத்தையே அளந்து சொன்ன ஊர் இது. அறிவு இங்கே இருந்தது, உயரம் இங்கே இருந்தது. நேரத்தைப் பங்கிடும் அதிகாரம்தான் நெடுங்காலம் இங்கே இல்லை.

அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது நம் மலையிலேயே இயங்கும் வானொலி நிலையமான கோடைப் பண்பலை. 100.5 மெகாஹெர்ட்ஸ். எண்ணைச் சொன்னதும் உங்கள் முகம் மலர்வதை இங்கிருந்தே பார்க்கிறேன். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, கரூர், திருப்பூர் என்று அது போகாத பக்கம் இல்லை. டீக்கடையில், முடிதிருத்தகத்தில், லாரியில், பூம்பாறைப் பூண்டு வயல் வரப்பில், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்த நிலையம் பேசிக்கொண்டிருக்கிறது. சமவெளியில் வெயில் கொளுத்தும்போது, இங்கே பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளர் பேசுகிறார். நேயர் தொலைபேசியில் தன் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். அந்த ஊர்ப்பெயர் பல மாவட்டங்களில் கேட்கிறது. தன் ஊரின் பெயரைக் காற்றில் கேட்கும் மனிதருக்கு வரும் மகிழ்ச்சியை அற்பம் என்று நினைக்காதீர்கள். நானும் இந்த நாட்டில் ஓர் ஆள் என்ற எண்ணம் அதில் பிறக்கிறது.

2018 நவம்பர் 16 யாருக்கும் மறக்காது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் வழியாக நம் மலையைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அடைந்தன, மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனால் தொலைக்காட்சி இல்லை. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் செல்போனும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு உலகத்தோடு உள்ள ஒரே தொடர்பு, இரண்டு பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே பால் கிடைக்கும், எந்தப் பள்ளியில் முகாம் என்று சொல்ல மலையிலேயே ஒரு நிலையம் இருப்பது உயிர்காக்கும் ஏற்பாடு. அதை யாரும் செலவுக் கணக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது.

இன்று இளைஞர்கள் கேட்கலாம்: "ஐயா, கைபேசியில் வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கிறோம். நிரல் எதற்கு?" தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கேள்வியை மதிக்கிறேன். விரும்பியதை விரும்பிய நேரத்தில் பார்ப்பது நல்ல வசதிதான். ஆனால் அந்தத் திரையிலும் நிரல் இருக்கிறது. அடுத்து என்ன வரவேண்டும் என்று ஒரு நிறுவனத்தின் கணினி தீர்மானிக்கிறது. அந்த நிரல் அச்சில் வருவதில்லை. அதற்குக் கடிதம் எழுத முகவரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே சேதியைக் கேட்கும் நிமிடம் அதில் அமைவதே அரிது. புயல் வரும் இரவில் நமக்கு வேண்டியது அந்த ஒரே நேரம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். பிரிட்டன் 2012-க்குள் பழைய முறையை நிறுத்தியபோது, அதே மலைகளிலிருந்த கம்பங்களைப் புதிய டிஜிட்டல் முறைக்கு மாற்றிக்கொண்டது. இன்றும் ஓர் ஆன்டெனா வைத்தால் மாதக் கட்டணம் இல்லாமல் படம் தெரியும். நம் தூர்தர்ஷன் 2022-க்குள் தன் தரைவழி ஒளிபரப்பிகளை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. தொலைக்காட்சி விண்ணுக்கும் கேபிளுக்கும் போய்விட்டது. மலைக்கு மிஞ்சியிருப்பது வானொலி. ஆகவே அதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கோடைப் பண்பலையில் இங்கேயே எழுதி, இங்கேயே பேசி ஒலிபரப்பாகும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையக்கூடாது. சிக்கனம் என்ற பெயரில் வேறொரு நகரத்து நிகழ்ச்சியை வாங்கி நிரப்பும் யோசனை எந்த நாளில் வந்தாலும் நாம் மறுக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த நேரத்துக்குள் மலைக்கென்று அன்றாடம் ஒரு நிலையான நேரம் வேண்டும். பூண்டு விலை, உருளை விலை, பனி எச்சரிக்கை, காட்டுத்தீ, மலைச்சாலை நிலவரம், காட்டுமாடு நடமாட்டம், பளியர் புலையர் மக்களின் பாட்டும் பேச்சும் அதில் வரவேண்டும். அந்த மக்களே ஒலிவாங்கியின் முன் உட்கார வேண்டும்.

மூன்றாவது, மாதந்தோறும் நிகழ்ச்சி நிரலைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகம், நூலகம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எங்கும் ஒட்ட வேண்டும். ஒரு தாள் போதும். எழுதி ஒட்டிய நிரலுக்கு நிலையம் பொறுப்பேற்கும், மக்கள் கேள்வி கேட்பார்கள். மக்கள் கேள்வி கேட்கும் நிறுவனம் சாகாது.

நான்காவது, அலை இறங்காத பள்ளங்களைக் கணக்கெடுக்க வேண்டும். இதை அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவர்களே, உங்கள் ஊரின் எந்தத் தெருவில் 100.5 கேட்கிறது, எந்த வளைவில் மறைகிறது என்று குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு சிறு மறு ஒலிபரப்பிகள் கேட்போம். இருநூறு பேருக்கு ஒரு கம்பம் வைத்த நாடு ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்காட்டுவோம்.

மலை உயரமாக இருப்பது இயற்கை கொடுத்த கொடை. அந்த உயரத்தை நாடு பயன்படுத்திக்கொண்டது, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் உயரத்தைத் தந்தவர்களுக்கு நேரத்தில் பங்கு வேண்டும். சென்னையின் மாலை சென்னைக்கு இருக்கட்டும், டெல்லியின் இரவு டெல்லிக்கு இருக்கட்டும். பழநி மலையில் விடியும் காலையில் அரைமணி நேரம் பழநி மலை மக்களுக்கு வேண்டும். வரும் கிராமசபைக் கூட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சியும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள் என்று கேட்டு என் உரையை முடிக்கிறேன்.